யாக்கோபின் பயமும் யூதாவின் பிணையும்: எபிரெய வேதத்தில் தகப்பன் அன்பு

"எபிரெய வேதத்தில் வருகிற தகப்பன்மார் கட்டளையிடுகிறார்கள், தண்டிக்கிறார்கள், பலிபீடம் கட்டுகிறார்கள். தன் குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று தவிக்கிற தகப்பன் அங்கே ஒருவனாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு, பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களைத் தேடும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் முகத்தைப் பார்த்து "உன்மேல் எனக்குப் பிரியம்" என்று சொல்லும் தகப்பனை அந்த நூல்களில் காண்பது அரிது. அவர்கள் பயப்படுகிறார்கள். இரவோடு இரவாகக் குடும்பத்தை ஆற்றைக் கடக்கச் செய்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளுக்காகப் பலியிடுகிறார்கள். ஊர்வாசலில் உட்கார்ந்து செய்தி கொண்டுவருபவனை எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய அன்பைத் தேட வேண்டிய இடம் அந்தப் பயம்தான். அந்தப் பயம் எப்போது குடும்பத்தைக் காக்கிறது, எப்போது ஒரு பிள்ளையைக் காப்பதற்காக இன்னொரு பிள்ளையைக் கைவிடுகிறது என்பதைத்தான், பழைய ஏற்பாடு என்று கிறிஸ்தவர்கள் அழைக்கும் அந்த வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம் பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. எனவே பதிலின் பெரும்பகுதியை யாக்கோபின் வீட்டுக்கே கொடுக்கிறேன்.

ஆதியாகமம் 32, 33 ஆம் அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஏசாவுக்குச் சேரவேண்டிய ஆசீர்வாதத்தைத் தந்திரமாகப் பெற்றுக்கொண்ட யாக்கோபு, அவன் கொலைவெறியோடு இருக்கிறான் என்று தெரிந்து ஆரானில் இருந்த தாய்மாமன் லாபானிடம் ஓடிப்போனவன். அங்கே 20 ஆண்டுகள் கழிந்தன. இப்போது லேயாள், ராகேல் என்ற இரண்டு மனைவிகள், பில்காள், சில்பாள் என்ற இரண்டு பணிப்பெண்கள், அவர்கள் நால்வரும் பெற்ற பிள்ளைகள், மந்தைகள் எல்லாவற்றோடும் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறான். முன்னே அனுப்பிய ஆட்கள் திரும்பி வந்து சொல்லும் செய்தி: ஏசா 400 பேரோடு எதிர்கொண்டு வருகிறான்.

இந்த இடத்தில் பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் விஷயம் இது. யாக்கோபின் பன்னிரண்டு புத்திரர் என்றதும் தாடி வைத்த பன்னிரண்டு ஆண்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் யாக்கோபு ஏழு ஆண்டுகள் வேலை செய்த பிறகுதான் லேயாளை மணக்கிறான். மீதி 13 ஆண்டுகள். மூத்தவன் ரூபனுக்கு அப்போது ஏறக்குறைய 12 வயதுக்கு மேல் இருக்க வழியில்லை. யோசேப்புக்கு ஆறு வயது இருக்கலாம். பென்யமீன் இன்னும் பிறக்கவில்லை. ஆக, 400 பேருக்கு எதிரே நிற்பது மனைவிகளும் வேலைக்காரர்களும் பதினொரு சிறுவர்களும் தீனாள் என்ற ஒரு சிறுமியும்தான். அவன் ஜெபத்தில் "என்னையும், பிள்ளைகளையும் தாய்மாரையும் வெட்டிப்போடுவானே" என்று நடுங்குவதன் பொருள் இதை வைத்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

பயந்த யாக்கோபு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தன்னோடிருந்த மக்களையும் ஆடுமாடு ஒட்டகங்களையும் இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறான். ஒன்று அடிபட்டாலும் மற்றொன்று தப்பட்டும் என்பது அவன் கணக்கு. பிறகு ஜெபம் செய்கிறான். அதன் பிறகு அண்ணனுக்கு வெகுமதி எடுத்து வைக்கிறான்: 200 வெள்ளாடுகள், 20 கடாக்கள், 200 செம்மறியாடுகள், 20 ஆட்டுக்கடாக்கள், பால் கொடுக்கும் 30 ஒட்டகங்களும் அவற்றின் குட்டிகளும், 40 பசுக்கள், 10 காளைகள், 20 பெண் கழுதைகள், 10 கழுதைக்குட்டிகள். ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படிகள். அதையும் மொத்தமாக ஓட்டிவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு மந்தைக்கும் இடையே இடைவெளி விடுங்கள் என்கிறான். ஏசாவின் கோபம் ஒரே மோதலில் வந்து சேராமல், மந்தைக்கு மந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிய வேண்டும். இருபது ஆண்டு உழைப்பின் பெரும்பங்கை அந்த இரவில் அவன் வழியனுப்புகிறான். பதினோராம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி, யாக்கோபு வெகுமதி, ஜெபம், போர் ஆகிய மூன்றுக்கும் ஆயத்தமானான் என்று எழுதுகிறார். ஆண்டவரிடம் கேட்டுவிட்டோம், இனி நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற எண்ணம் அவனுக்கு இல்லை.

அன்று இரவே எழுந்து மனைவிகளையும் பணிப்பெண்களையும் பிள்ளைகளையும் யாபோக்கு ஆற்றின் துறையைக் கடக்கப்பண்ணுகிறான். இன்று ஜோர்தான் நாட்டில் சர்க்கா என்ற பெயரோடு ஓடி யோர்தான் நதியில் கலக்கும் ஆறுதான் அது. எல்லாரும் அக்கரை சேர்ந்த பின் யாக்கோபு தனித்து நிற்கிறான். விடியும்வரை அவனோடு ஒருவர் போராடுகிறார். அவன் தொடைச்சந்து சுளுக்கிக்கொள்கிறது. பெனியேலைக் கடக்கும்போது சூரியன் உதிக்கிறது, அவன் நொண்டி நொண்டி நடக்கிறான். கண்களை ஏறெடுத்தால் ஏசாவும் 400 பேரும்.

அடுத்து அவன் செய்ததைத்தான் எந்த விளக்கத்தாலும் என்னால் நியாயப்படுத்த முடிவதில்லை. குடும்பத்தை வரிசைப்படுத்துகிறான். பணிப்பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் முதலில். லேயாளும் அவள் பிள்ளைகளும் அடுத்து. ராகேலும் யோசேப்பும் கடைசியில். ஆபத்து வந்தால் யார் முதலில் விழுவார்கள் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. தாண், நப்தலி, காத், ஆசேர் என்ற அந்த நான்கு சிறுவர்களுக்கும் தாங்கள் ஏன் முன்வரிசையில் நிற்கிறோம் என்பது புரியாமலா இருந்திருக்கும்? பல ஆண்டுகள் கழித்து யோசேப்பைக் குழியில் தள்ளிய கைகளின் கதை, அவனுக்குக் கொடுத்த பலவருண அங்கியில் தொடங்கவில்லை, இந்த வரிசையில்தான் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வரிசையை நிறுத்திவிட்டு யாக்கோபு எல்லாருக்கும் முன்னாக நடந்து போகிறான். ராகேலுக்குப் பக்கத்தில் பாதுகாப்பாக நின்றுகொள்ளவில்லை. இரவெல்லாம் தூங்காத மனிதன், தொடைச்சந்து பிசகிய மனிதன், ஏழுமுறை தரைமட்டும் குனிந்து வணங்கியபடி 400 பேரை நோக்கிப் போகிறான். குனிவதும் நிமிர்வதும் அந்த இடுப்புக்கு எப்படி இருந்திருக்கும்! முதல் வெட்டு விழுவதானால் அது அவன்மேல்தான் விழும். பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்த குற்றமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னே போய் நின்ற துணிவும் ஒரே மனிதனுக்குள், ஒரே காலையில் இருக்கின்றன. வேதம் இரண்டில் எதையும் மறைக்கவில்லை.

ஏசா ஓடிவந்து அவனைத் தழுவிக்கொண்டு அழுகிறான். வாள் எடுக்க அவசியமே வரவில்லை. பிறகு ஒவ்வொரு கூட்டமாக வந்து வணங்குகிறார்கள். இங்கே யூத உரையாசிரியர்கள் ஒரு சிறிய மாற்றத்தைக் கவனித்திருக்கிறார்கள். மற்ற எல்லாரிலும் தாய் முன்னே, பிள்ளைகள் பின்னே. கடைசிக் கூட்டத்தில் மட்டும் யோசேப்பு முன்னே, ராகேல் பின்னே. தன் தாயின் அழகின்மேல் ஏசாவின் பார்வை விழாதபடி அந்தச் சிறுவன் முன்னால் போய் மறைத்துக்கொண்டான் என்று ராஷி விளக்கம் தருகிறார். நொண்டிக்கொண்டே முன்னால் போன தகப்பனைப் பார்த்த பிள்ளை வேறு எப்படி நடந்துகொள்வான்?

"வா, சேர்ந்தே போவோம்" என்று ஏசா அழைக்கும்போது யாக்கோபு சொல்லும் பதில், தகப்பன் அன்பைப் பற்றி எபிரெய வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிள்ளைகள் இளம் பிள்ளைகள், கறவை மாடுகளும் ஆடுகளும் என்னிடம் இருக்கின்றன, ஒருநாள் துரிதமாக ஓட்டினாலும் மந்தையெல்லாம் மாண்டுபோகும். நீர் முன்னே போம், நான் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்ப மெதுவாக வருகிறேன் என்கிறான். ஏசாவைத் தட்டிக்கழிக்க அவன் சொன்ன சாக்கு இது என்பார்கள். அவன் சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குத் திரும்பியதும் உண்மைதான். சாக்காகவே இருக்கட்டும். 400 பேர் நடக்கும் வேகத்தில் ஆறு வயதுப் பிள்ளை நடக்க முடியாது என்பது வாயில் வருவதற்கு, அந்தப் பிள்ளையின் நடையைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனாக இருக்க வேண்டும். சுக்கோத்தில் தனக்கு ஒரு வீடும் மந்தைகளுக்குக் கொட்டகைகளும் போடுகிறான்.

இதே மனிதன் அடுத்த அதிகாரத்தில் தோற்றுப்போகிறான். மகள் தீனாள் சீகேம் என்பவனால் பலாத்காரம் செய்யப்படுகிறாள். செய்தி யாக்கோபின் காதுக்கு எட்டுகிறது. குமாரர் வெளியில் மந்தையோடு இருந்ததால் அவர்கள் வரும்வரை பேசாமல் இருந்தான் என்கிறது வேதம். பிறகு மகன்கள் சிமியோனும் லேவியும் சீகேமின் ஊர் ஆண்களை எல்லாம் வெட்டிப்போட்டபோது அவன் வாய் திறக்கிறான். அப்போதும் "நான் கொஞ்ச ஜனம் உள்ளவன், சுற்றியிருப்பவர்கள் கூடி வந்து என்னையும் என் வீட்டையும் அழித்துவிடுவார்கள்" என்பதுதான் அவன் கவலை. "எங்கள் சகோதரியை ஒரு வேசியைப்போல் நடத்தலாமோ?" என்ற மகன்களின் கேள்வியோடு அதிகாரம் முடிகிறது. தகப்பனின் பதில் அங்கே இல்லை. அவன் பயம் பொய்யானதல்ல. பழிவாங்கலுக்குப் பழிவாங்கல் வந்தால் குடும்பமே மிஞ்சாது. ஆனால் தீனாளுக்காக அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இது யூத ஆசிரியர்களையும் உறுத்தியிருக்கிறது. ஏசாவைச் சந்தித்த நாளில் தீனாளை யாக்கோபு ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி மறைத்தான் என்றொரு பழைய மரபுக்கதையை அவர்கள் சொல்லி, அப்படி மறைத்ததற்காகவே அவனுக்கு இந்தத் துன்பம் வந்தது என்றும் சேர்க்கிறார்கள். அவள் ஏசாவைத் திருத்தியிருக்கலாம், அவளை அண்ணனுக்குக் கொடுக்காமல் மறைத்துவிட்டான் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

தாவீதின் வீட்டிலும் இதே மௌனம். மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்தபோது தாவீது ராஜா மிகவும் கோபங்கொண்டான் என்று மட்டும் எழுதியிருக்கிறது. கோபத்துக்குப் பின் அவன் எதையும் செய்ததாக இல்லை. மகள்களுக்குக் கைகொடுத்த தகப்பன்மாரும் இல்லாமல் இல்லை. தண்ணீர் இல்லாத தென்னிலம் தனக்குக் கிடைத்தது என்று மகள் அக்சாள் கேட்டபோது, தகப்பன் காலேப் மேற்புற நீரூற்றுகளையும் கீழ்ப்புற நீரூற்றுகளையும் சேர்த்தே கொடுத்தான். தாய் தகப்பன் இல்லாத எஸ்தரை வளர்த்த மொர்தெகாய், அவள் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட பின் அவள் எப்படி இருக்கிறாள் என்று அறிய ஒவ்வொரு நாளும் அந்தப்புர முற்றத்துக்கு முன்னால் உலாவிக்கொண்டிருந்தான். அவன் அவளைப் பெற்றவன்கூட இல்லை, அவளுடைய தகப்பனின் சகோதரன் மகன்.

மறுபடி யாக்கோபிடம் வருவோம். யோசேப்பை எகிப்துக்கு அடிமையாகப் போகும்படி விற்றுவிட்டு, அவன் செத்துப்போனான் என்று மகன்களே யாக்கோபை நம்பவைத்துவிட்டார்கள். ராகேல் பென்யமீனைப் பெற்றபோது இறந்துபோனாள். மீந்திருப்பது பென்யமீன். பஞ்சம் வருகிறது. எகிப்தில் தானியம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு பத்துப் பேரை அனுப்பும் யாக்கோபு, பென்யமீனை மட்டும் அனுப்பவில்லை, அவனுக்கு மோசம் வரும் என்ற பயம். பத்துப் பேருக்கு மோசம் வந்தால்? அந்தப் பத்துப் பேரும் இதை நிச்சயம் நினைத்திருப்பார்கள்.

எகிப்தின் அதிபதியாக இருந்த யோசேப்பு, தன்னை இன்னார் என்று காட்டிக்கொள்ளாமல் சிமியோனைப் பிடித்து வைத்துக்கொண்டு, இளையவனைக் கொண்டுவந்தால்தான் ஆயிற்று என்கிறான். வீட்டுக்கு வந்து சொன்னதும் யாக்கோபு உடைந்துபோகிறான்: யோசேப்பும் இல்லை, சிமியோனும் இல்லை, பென்யமீனையும் கொண்டுபோகப் பார்க்கிறீர்கள். அப்போது மூத்தவன் ரூபன் முன்வந்து, அவனை நான் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு குமாரரையும் கொன்றுபோடும் என்கிறான். யாக்கோபு மறுத்துவிடுகிறான். ராஷி இங்கே ரூபனை மதியற்ற மூத்தவன் என்று கடிந்துகொள்கிறார். அவன் பிள்ளைகள் எனக்குப் பேரப்பிள்ளைகள் இல்லையா என்பது தாத்தாவின் கேள்வி. பிள்ளையை இழந்த ஒருவனுக்கு இன்னும் இரண்டு சாவுகளைக் காட்டி யார் ஆறுதல் சொல்ல முடியும்?

தானியம் தீர்ந்த பிறகு யூதா பேசுகிறான். நாமும் நீரும் நம் குழந்தைகளும் சாகாமல் உயிரோடிருக்க அவனை என்னோடு அனுப்பும். அவனுக்காக நான் உத்தரவாதம், என்னிடத்தில் அவனைக் கேளும் என்கிறான். யாக்கோபு இதற்கு இணங்குகிறான். ரூபனுக்கு வராத இந்த வார்த்தை யூதாவுக்கு எப்படி வந்தது என்று கேட்டால் 38 ஆம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். யோசேப்பின் கதைக்கு நடுவே தொடர்பே இல்லாமல் செருகப்பட்டது போலத் தோன்றும் அதிகாரம் அது. யூதாவின் மூத்த மகன் ஏர் இறந்தான். இரண்டாவது மகன் ஓனானும் இறந்தான். இருவருக்கும் அடுத்தடுத்து மனைவியாக இருந்தவள் தாமார். வழக்கப்படி மூன்றாமவன் சேலாவை அவளுக்குக் கொடுக்க வேண்டும். யூதா கொடுக்கவில்லை, அவனும் அண்ணன்மாரைப் போலச் சாவான் என்று பயந்து, "சேலா பெரியவனாகும்வரை உன் தகப்பன் வீட்டில் இரு" என்று அவளை அனுப்பிவிட்டான். இரண்டு பிள்ளைகளை இழந்த தகப்பன் மூன்றாவது பிள்ளையைப் பொத்திவைக்கிறான். யாக்கோபு பென்யமீனைப் பொத்திவைத்ததும் இதே பயத்தால்தான். அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவள் தாமார். பிள்ளையும் இல்லாமல் மறுவாழ்வும் இல்லாமல் காத்துக்கிடந்தவள் அவள். கடைசியில் அவள் வேறு வேடத்தில் வந்து அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கயிற்றையும் கைக்கோலையும் அடைமானமாக வாங்கிவைத்து, தன் வயிற்றுப் பிள்ளை அவனுடையது என்ற உண்மையை வெளியே கொண்டுவந்தாள். "என்னைவிட அவள் நீதியுள்ளவள்" என்று யூதா எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டான்.

அப்படிப்பட்டவன்தான் யாக்கோபின் எதிரே நிற்கிறான். பிள்ளையைப் பறிகொடுப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும். மீதியுள்ள பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இன்னொருவர் வாழ்க்கை எப்படிக் கெடுகிறது என்பதும் தெரியும். முன்பு மோதிரத்தை அடகு வைத்தவன் இப்போது தன்னையே வைக்கிறான்.

யாக்கோபு பென்யமீனை அனுப்பும் விதத்தையும் பாருங்கள். பழைய யாக்கோபே திரும்பி வருகிறான். தேசத்தின் நல்ல பொருள்களில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறான்: கொஞ்சம் பிசின் தைலம், கொஞ்சம் தேன், வாசனைப் பொருள்கள், வெள்ளைப்போளம், பிஸ்தாக் கொட்டை, வாதுமைக் கொட்டை. சாக்கில் திரும்பி வந்த பணத்தையும் சேர்த்து இரண்டு மடங்காகக் கொண்டுபோகச் சொல்கிறான். அன்று ஏசாவுக்கு 550 உருப்படிகள். இன்று பஞ்சத்தில் வீட்டில் மிஞ்சியிருந்த கைப்பிடி கொட்டைகள். வழி ஒன்றுதான். பிறகு ஜெபம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஜெபத்தில் வாக்குத்தத்தத்தை நினைவூட்டி வாதாடியவன், இன்று "நான் பிள்ளையற்றுப்போவது நேர்ந்தால் நேரட்டும்" என்று சொல்லி விட்டுக்கொடுக்கிறான். இறுகப் பிடித்திருந்த கையை அவன் திறந்தது இங்கேதான். திறந்ததால்தான் குடும்பம் பிழைத்தது.

எகிப்தில் பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்படுகிறது. அவன் அடிமையாக வேண்டும், மற்றவர்கள் சமாதானமாகத் தகப்பனிடம் போகலாம் என்கிறான் அதிபதி. யூதா அருகே வந்து பேசும் பேச்சு ஆதியாகமத்தின் மிக நீண்ட பேச்சுகளுள் ஒன்று. அது முழுக்கத் தகப்பனைப் பற்றியது. அதில் யாக்கோபு சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கிறான்: "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று உங்களுக்குத் தெரியும்." யூதா லேயாளின் மகன். அந்த வாக்கியத்தில் அவன் தாய்க்கு இடமில்லை, அவனுக்கும் இடமில்லை. வேறொருவனாக இருந்தால் அந்த வாக்கியமே பென்யமீனை அங்கே விட்டுவிட்டு வரப் போதுமான காரணமாகியிருக்கும். யூதா அதைக் கசப்பில்லாமல் திருப்பிச் சொல்கிறான். தகப்பனின் உயிர் இந்தப் பிள்ளையின் உயிரோடு பிணைந்திருக்கிறது, இவன் இல்லாமல் போனால் அவர் செத்துப்போவார். இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன், இவன் போகட்டும் என்கிறான். யாபோக்கு ஆற்றங்கரையில் இரண்டாவது வரிசையில் நிறுத்தப்பட்ட பிள்ளை, கடைசி வரிசையில் நின்ற ராகேலின் இளைய பிள்ளைக்காகத் தானே முன்னே போய் நிற்கிறான். யோசேப்பால் அதற்குமேல் அடக்கிக்கொள்ள முடியவில்லை. தகப்பனின் காக்கும் அன்பு என்பதற்கு எபிரெய வேதத்தில் ஒரே ஒரு சான்று கேட்டால், பேசுவது மகனாக இருந்தும், நான் இந்தப் பேச்சைத்தான் காட்டுவேன். ஓரவஞ்சனை கலந்த அன்பைக்கூட ஒரு பிள்ளை புரிந்துகொண்டு, அதைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு, தம்பியைக் காக்கிறான்.

பலிபீடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஆபிரகாம் ஈசாக்கைக் கொண்டுபோன 22 ஆம் அதிகாரத்தை எளிதாகச் சமாதானம் சொல்லிக் கடக்க நான் விரும்பவில்லை. அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். விறகை மகன்மேல் வைக்கிறான். நெருப்பையும் கத்தியையும் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். கையைச் சுட்டுவிடக்கூடிய, வெட்டிவிடக்கூடிய பொருள்களைப் பிள்ளையிடம் கொடுக்காத தகப்பன், அந்தப் பிள்ளையைப் பலியிடப் போகிறான். இந்த முரண்பாட்டை எழுதியவர் தெரிந்தேதான் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். முந்தின அதிகாரத்தில் மூத்த மகன் இஸ்மவேலை அனுப்பிவிடச் சொன்னபோதும் அது ஆபிரகாமுக்கு மிகவும் துக்கமாயிருந்தது என்றே எழுதியிருக்கிறது. மோரியா மலையில் கை தடுக்கப்பட்டது. யெப்தாவின் வீட்டில் தடுக்க யாரும் வரவில்லை. போரில் வென்றால் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று பொருத்தனை செய்தவனை எதிர்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள். அவன் ஆடையைக் கிழித்துக்கொண்டு, என்னை மிகவும் கலங்கடித்தாயே என்று அவள்மேல் குறை சொல்கிறான். அந்தக் கதை நமக்கு முன்மாதிரியாக எழுதப்படவில்லை.

சவுலின் தகப்பன் கீசைப் பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பதில்லை. கழுதைகள் காணாமற்போகின்றன, மகனைத் தேட அனுப்புகிறான். மூன்று நாள் ஆகியும் மகன் திரும்பவில்லை. "திரும்பிப் போவோம், என் தகப்பன் கழுதைகளை விட்டு நம்மைப் பற்றிக் கவலைப்படப் போகிறார்" என்று சவுல் வேலைக்காரனிடம் சொல்கிறான். அப்படியே நடந்திருக்கிறது: கழுதைகள் கிடைத்துவிட்டன, உன் தகப்பன் அவற்றை மறந்து, என் மகனுக்காக என்ன செய்வேன் என்று தவிக்கிறான் என்ற செய்தி வழியில் வந்து சேர்கிறது. இஸ்ரவேலின் முதல் ராஜா அபிஷேகம் பெற்ற அதே நாள்; அவன் வீட்டில் அவனுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு ஒரு கிழவர்.

யோபு தன் ஏழு மகன்களும் மூன்று மகள்களும் விருந்துண்டு முடித்த ஒவ்வொரு முறையும் விடியற்காலையில் எழுந்து, அவர்கள் இலக்கத்தின்படி பலி செலுத்தினான். ஒருவேளை பிள்ளைகள் மனதில் பாவம் செய்திருக்கலாமே என்ற எண்ணம். இத்தனை முன்ஜாக்கிரதையும் பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்த நாளில் அவர்களைக் காக்கவில்லை. தகப்பனால் முடியாதது உண்டு என்பதை வேதம் மறைக்காமல் சொல்கிறது.

தாவீதுக்கு அது இன்னும் கொடுமையாக வந்தது. தன்னைக் கொல்லத் தேடிய மகன் அப்சலோமுக்கு எதிராகப் படையை அனுப்பும்போது, பிள்ளையாண்டானை எனக்காக மெதுவாக நடத்துங்கள் என்று தளபதிகளுக்கு எல்லார் காதிலும் விழும்படி சொல்கிறான். பிறகு ஊர்வாசலில் உட்காருகிறான். அந்த ஊர் மக்னாயீம். யாக்கோபு ஏசாவைச் சந்திப்பதற்குச் சற்று முன் பெயரிட்ட அதே இடம். முதல் ஆள் ஓடிவந்து வெற்றி என்கிறான். பிள்ளையாண்டான் சுகமாயிருக்கிறானா என்று கேட்கிறான் ராஜா. இரண்டாவது ஆள் வருகிறான். மறுபடி அதே கேள்வி. நாடு பிழைத்ததா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நான் உனக்குப் பதிலாகச் செத்திருக்கலாமே என்று மேல்வீட்டுக்கு ஏறிப்போகையில் அழுதான். யூதா பேசியதும் இதே பதிலாள் பேச்சுத்தான். யூதா சொன்னபோது செய்வதற்கு நேரம் இருந்தது. தாவீது சொன்னபோது நேரம் கடந்திருந்தது. சகோதரி தாமாருக்காக அப்சலோமின் பகை தொடங்கியதே அம்னோன் செய்த அந்தக் காரியத்தில்தான்; அன்று பேசியிருக்க வேண்டிய தகப்பன் அவன்.

கதைகளுக்கு வெளியே சட்டங்களிலும் இந்த அக்கறை தென்படுகிறது. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22. எண்ணாகமம் 32 இல் ரூபன், காத் கோத்திரத்தார் மோசேயிடம் வந்து, இங்கே எங்கள் ஆடுமாடுகளுக்குத் தொழுவங்களும் எங்கள் குழந்தைகளுக்குப் பட்டணங்களும் கட்டுவோம் என்கிறார்கள். மோசே அனுமதி கொடுக்கும்போது வரிசையை மாற்றிவிடுகிறார்: உங்கள் குழந்தைகளுக்குப் பட்டணங்களையும் ஆடுகளுக்குத் தொழுவங்களையும் கட்டுங்கள். திட்டவில்லை, விளக்கவுமில்லை. முதலில் பிள்ளைகள், பிறகு மந்தை.

இந்தத் தகப்பன்மாரைப் பார்த்துத்தான் தீர்க்கதரிசிகளும் பாடகர்களும் ஆண்டவரைப் பற்றிப் பேசினார்கள். "தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோல" என்ற 103 ஆம் சங்கீதம் தமிழ் வீடுகளில் பலருக்கு மனப்பாடம். ஒருவன் தன் பிள்ளையைச் சுமப்பதுபோல வனாந்தரத்தில் உங்களைச் சுமந்தார் என்கிறது உபாகமத்தின் முதல் அதிகாரம். ஓசியா 11 இல் ஆண்டவர், எப்பிராயீம் என்று தம் இஸ்ரவேல் மக்களை அழைத்து, எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன், நான் குணமாக்கினேன் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை என்கிறார். வளர்ந்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனபோது, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று அவருடைய இருதயம் குழம்புகிறது.

இதோடு சேர்த்து, உங்களைப் போன்றவர்கள் வழக்கமாக எதிர்வாதமாக எடுக்கும் உபாகமம் 21 ஐயும் பார்த்துவிடலாம். தாய் தகப்பன் சொல்லைக் கேளாத அடங்காத மகனைப் பெற்றோரே ஊர் மூப்பரிடம் கொண்டுபோனால் அவனைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். யூத சட்ட ஆசிரியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பது பழைய யூத சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் சன்ஹெட்ரின் பகுதியில் இருக்கிறது. தகப்பன் மட்டும் விரும்பித் தாய் விரும்பாவிட்டால் வழக்கு நில்லாது. தாய் மட்டும் விரும்பினாலும் நில்லாது. இருவரில் ஒருவருக்குக் கையோ காலோ கண்ணோ காதோ பேச்சோ குறைவாக இருந்தாலும் நில்லாது. தாயும் தகப்பனும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும்கூட ஒத்திருக்க வேண்டும் என்று ரபி யூதா இன்னொரு நிபந்தனை சேர்த்ததாக, மிஷ்னாவை விளக்கும் தொகுப்பாகிய தால்மூத்து சொல்கிறது. இப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை, படித்துப் பயன்பெறவே அந்தப் பகுதி எழுதப்பட்டது என்று தால்மூத்தில் ஒரு கருத்து பதிவாகியிருக்கிறது. ரபி யோனத்தான் மட்டும் உடன்படவில்லை. அப்படி ஒருவனைத் தான் பார்த்ததாகவும் அவன் கல்லறையின்மேல் உட்கார்ந்ததாகவும் சொன்னார். இரண்டு கருத்துகளையும் அவர்கள் அருகருகே எழுதி வைத்திருக்கிறார்கள்.